மூத்தோர் மேடைக்கு எந்த நாடகம்? – தமிழ் நாடக வரலாறு காட்டும் வழி

ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் சங்கத்து மூத்தோர் குழுவில் ஒரே கேள்விதான் எழுகிறது. "இந்த வருஷம் என்ன நாடகம் போடலாம்?" குழுவில் இருப்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். சிலர் எண்பதை எட்டிக்கொண்டிருப்பவர்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் கேள்விக்கு வரும் விடைகள் பெரும்பாலும் இரண்டுதான். "கட்டபொம்மன் வசனம், மனோகரா வசனம் ஏதாவது பேசிடட்டும், கைதட்டல் வாங்கிடலாம்" என்பது ஒன்று. "முதியோர் இல்லத்தைப் பத்தி ஒரு சோக நாடகம் போடுங்க, எல்லாரும் அழுதுடுவாங்க" என்பது மற்றொன்று.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. முதலாவது, இருபது வயதுக்காரர் மூச்சைப் பிடித்துப் பேச வேண்டியதை எழுபது வயதுக்காரர் தலையில் ஏற்றிவைக்கிறது. இரண்டாவது, வயதானவர் என்றால் அழுவதற்கு மட்டுமே மேடையேறுவார் என்று முடிவு கட்டிவிடுகிறது. தமிழ் நாடக வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் மூன்றாவது வழி ஒன்று தெளிவாகவே தெரிகிறது. அதைச் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

கோபர்கைரனேயில் ஏன் இந்தக் கேள்வி?

மாட்டுங்கா, செம்பூர், தாராவி போல கோபர்கைரனே பழைய தமிழ்க் குடியிருப்பு அல்ல. 1970இல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டு, நவி மும்பை என்ற புது நகரம் திட்டமிடப்பட்ட பிறகே இப்பகுதி வளர்ந்தது. வாஷி வரை ரயில் வந்தது 1992இல். தாணேயிலிருந்து கோபர்கைரனே வழியாக வாஷிக்குப் பயணி ரயில் ஓடத் தொடங்கியது 2004இல். ஆகவே இங்குள்ள மூத்தோரில் பலர் இரண்டு வகையினர். வேலைக்காலம் முழுவதும் பழைய பம்பாயில் வாழ்ந்து, ஓய்வுபெற்றபின் இங்கே வீடு வாங்கி வந்தவர்கள் ஒரு வகை. பிள்ளைகள் இங்கே குடியேறியபின் அறுபது வயதுக்கு மேல் ஊரைவிட்டு வந்து சேர்ந்தவர்கள் இன்னொரு வகை.

முதல் வகையினர் சண்முகானந்தா அரங்கில் சென்னை நாடகக் குழுக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1963இல் திறக்கப்பட்ட அந்த அரங்கு அவர்களுக்கு இரண்டாவது வீடு மாதிரி. இரண்டாம் வகையினருக்கோ திருவிழாக் கொட்டகையில் விடிய விடிய நடந்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும்தான் நாடகம். இவ்விருவரும் ஒரே மேடையில் நிற்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளைகளோ தமிழ் பேசுவார்கள், ஆனால் பலருக்குப் படிக்கத் தெரியாது. புத்தகம் வழியாக அவர்களைச் சேராத தமிழ், தாத்தா பாட்டி வாய்வழியாக மட்டுமே சேரும். வீட்டில் "சாப்பிட்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா" என்பதோடு சுருங்கிப்போகும் அந்தத் தமிழ் முழு வீச்சில் கேட்கக்கூடிய இடம் நாடக மேடை. நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு அக்கறை காட்டுவது இதனால்தான்.

பையன்களுக்காக எழுதிய சுவாமிகள்

தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலில் நடிகராக இருந்து, பிறகு ஆசிரியரானவர். எமன், சனீசுவரன் போன்ற வேடங்களில் அவரைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு என்பார்கள். 1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் நடித்தவர்கள் எல்லாம் சிறுவர்கள். ஆறு வயதில் அங்கே சேர்ந்த டி.கே.சண்முகம் (1912–1973) தம் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் அந்நாள்களை விரிவாக எழுதியிருக்கிறார்.

சண்முகம் நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஒரே இரவில் அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் அனைவரும் அறிந்த செய்தி. நமக்கு இங்கே முக்கியம் எழுதிய வேகமன்று. கையில் இருக்கும் நடிகனின் வயது, குரல், உயரம் ஆகியவற்றைப் பார்த்து அதற்கேற்ற பாத்திரத்தை அவர் தேடினார் என்பதே. சிறுவனிடம் பீமனைக் கொடுக்கவில்லை. வீரச் சிறுவனான அபிமன்யுவைக் கொடுத்தார்.

பாய்ஸ் கம்பெனிகளில் பெரிய பயம் ஒன்று இருந்தது. 'மகரக்கட்டு'. பதின்பருவத்தில் பையனின் குரல் உடையும்போது, நேற்றுவரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கொடிகட்டிப் பறந்தவன் இன்று பாட முடியாமல் நிற்பான். கம்பெனிக்காரர்கள் அவனுக்கு வேறு வேடம் தருவார்கள், பாட்டைக் குறைப்பார்கள், அல்லது வெளியே அனுப்பிவிடுவார்கள். முதுமையில் வருவதும் ஒருவகை மகரக்கட்டுதான். சுருதி இறங்கும், மூச்சு குறையும், நினைவு இடறும். நம்மிடமிருந்து யாரையும் வெளியே அனுப்பப் போவதில்லை. ஆகவே முதல் இரண்டு வழிகளே நமக்கு உரியவை: வேடத்தை மாற்றுவது, சுமையைக் குறைப்பது.

அலுவலகம் விட்டு மேடைக்கு வந்தவர்கள்

தொழில்முறைக் கம்பெனிகளுக்கு எதிர்ப்புறத்தில் நின்றவர் பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964). 1891இல் சென்னையில் அவர் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபை, வேறு தொழில் பார்த்துக்கொண்டே நாடகம் நடிப்பவர்களின் சபை. வக்கீல்களும் அலுவலர்களும் அதில் வேடம் கட்டினார்கள். தேசத் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்த மேடையில் நடித்தவர். மாலை நேரத்தில் ஒத்திகை, விடுமுறை நாளில் மேடை என்ற ஒழுங்கு அங்கே பிறந்தது. மும்பை சபாக்கள் முதல் நம் சங்கம் வரை நாமெல்லோரும் அந்த மரபின் வாரிசுகளே.

விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கியதும், பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்துக்கு இடம் தந்ததும் அவருடைய பெரும்பணிகள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். அவற்றில் 'சபாபதி' நம்மைப் போன்ற குழுக்களுக்கு ஒரு புதையல். முதலாளி பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. இருவரும் அசடுகள். 1941இல் திரைப்படமாகவும் வந்தது. முதலாளி பாத்திரம் இளைஞன்தான். ஆனால் இரண்டு எழுபது வயதுக்காரர்கள் அந்த இரு சபாபதிகளாக வந்து நின்றால், அரங்கில் சிரிப்புக்குப் பஞ்சமிருக்காது. வசனங்கள் சின்னச் சின்னவை. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்வதாகவே காட்சிகள் நகரும். நினைவுக்கு அது பெரிய துணை.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1964இல் மறைந்த முதலியாரின் நாடகங்களுக்கு அந்தக் காலம் 2024ஆம் ஆண்டோடு முடிந்தது. சுவாமிகளின் நாடகங்களுக்கோ எப்போதோ முடிந்துவிட்டது. நம் வசதிக்குச் சுருக்கிக்கொள்ளத் தடையில்லை. இவர்களுக்குப் பின்வந்த ஆசிரியர்களின் நாடகமென்றால் முறைப்படி அனுமதி கேட்டுவிட வேண்டும்.

இளைஞர்கள் போட்ட கிழவர் வேடம்

நம் நாடகப் புகழ்பெற்ற முதியவர்களை நடித்தவர்கள் யார் என்று கணக்கெடுத்தால் வேடிக்கையாக இருக்கிறது. டி.கே.சண்முகத்துக்கு 'ஔவை' என்ற அடைமொழியைத் தந்த ஔவையார் வேடத்தை அவர் போடத் தொடங்கியது 1940களில். அப்போது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. 'வியட்நாம் வீடு' நாடகத்தில் ஓய்வுபெறும் பிரஸ்டீஜ் பத்மநாபனாக 1960களில் மேடையேறிய சிவாஜி கணேசன் பிறந்தது 1928இல். நாற்பதைக்கூடத் தொடாதவர் அறுபதுக்குரிய தள்ளாட்டத்தைக் காட்டினார். கே.பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் பார்வையிழந்த, ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியாக நடித்துப் பெயரோடு 'மேஜர்' பட்டத்தையும் ஒட்டிக்கொண்ட சுந்தரராஜனுக்கு, அது 1966இல் படமானபோது வயது 31.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, முதியவரையே நாயகராகக் கொண்ட நல்ல நாடகங்கள் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைத் தேடி எங்கும் போக வேண்டாம். இதுவரை மாவு பூசி நரைத்த தலைகள் பேசிய வசனத்தை இனி தானாக நரைத்த தலைகள் பேசலாம். பிற்காலத்தில் ஒய்.ஜி.மகேந்திரன் தாமே முதிர்ந்த பருவத்தில் 'வியட்நாம் வீடு' நாடகத்தை மீண்டும் மேடையேற்றியது இதற்கு நல்ல சான்று. காத்தாடி ராமமூர்த்தி எண்பது வயதைத் தாண்டியும் மேடையைவிட்டு இறங்கவில்லை.

இரண்டாவது விஷயம்: இளைஞர் கிழவராகலாம் என்றால் கிழவர் ஏன் இளைஞராகக் கூடாது? மேடையில் வயது என்பது ஒப்பந்தம். பார்ப்பவர் ஒத்துக்கொண்டால் போதும். ஆண் பெண் வேறுபாடும் அப்படியே. நம் குழுக்களில் பெரும்பாலும் பெண்களே அதிகம். "ஆம்பளை வேஷத்துக்கு ஆளில்லையே" என்று நாடகத்தையே கைவிடுவது வழக்கம். பம்பாய் ஞானம் 1989இல் இதே மும்பையில் தொடங்கிய மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவில் எல்லா வேடமும் பெண்களே ஏற்றார்கள். முன்பு ஆண்கள் ஸ்திரீபார்ட் போட்டதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. பாட்டிமார் ராஜபார்ட் போட்டால் மட்டும் என்ன குறை வந்துவிடும்?

கூத்தும் ஸ்பெஷல் நாடகமும் தரும் கைவசதிகள்

மூத்தோருக்கு மேடையில் வரும் முதல் பயம் "வசனம் மறந்துபோச்சுன்னா?" என்பதுதான். நம் பழைய மேடை மறதிக்கு மிக அழகான ஏற்பாடுகளை வைத்திருந்தது.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். வேடக்காரரை அறிமுகப்படுத்துவது, கேள்வி கேட்பது, கேலி செய்வது, கதையை இழுத்துக்கொண்டு போவது எல்லாம் அவன் வேலை. வேடக்காரர் தயங்கினால் "அப்புறம் என்ன ஆச்சு மகாராஜா?" என்று அவனே எடுத்துக் கொடுப்பான். பார்ப்பவருக்கு அது நாடகத்தின் பகுதியாகவே தெரியும். திரைக்குப் பின்னால் தாளோடு நிற்பவர் கிசுகிசுப்பதைக் காது மந்தமான ஒருவரால் கேட்க முடியாது. எதிரில் நின்று உரக்கக் கேட்கும் கட்டியங்காரனைக் கேட்க முடியும். அதேபோல, வேடக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் வேடக்காரர் மூச்சு வாங்கிக்கொள்வார். எழுபது வயதுக் குரலுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாடு வேறு. வெவ்வேறு ஊர் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். அவர்கள் ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். கதையும் பாட்டும் எல்லாருக்கும் அத்துபடி என்பதால் அது முடிகிறது. இடையில் தர்க்கம் வந்தால் சொந்தச் சரக்கில் பேசிச் சமாளிப்பார்கள். மூத்தோர் குழு தெரிந்த கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த காரணம் இல்லை. வரி மறந்தாலும் கதை மறக்காது. கதை மறக்காதவரை பேச்சு நிற்காது.

அந்தக் கதைகளிலும் நமக்கென்றே ஒன்று உண்டு. வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கடைசியில் தள்ளாத கிழவராக வருகிறான். தினைமாவும் தேனும் கேட்கிறான். விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறான். யானையைக் கண்டு பயந்த வள்ளிக்கு அடைக்கலமும் தருகிறான். தமிழர் மேடையில் காலங்காலமாகச் சிரிப்பொலியோடு நடந்துவரும் காதல் காட்சியின் நாயகன் ஒரு கிழவர்! அந்தக் காட்சியை மட்டும் எடுத்து அரை மணி நேரத்துக்கு நடத்தலாம். வள்ளியாகவும் ஒரு பாட்டியே நடிக்கட்டும். ஆர்மோனியக்காரரிடம் சுருதியை நடிகர் குரலுக்குத் தக்கபடி இறக்கிக்கொள்ளச் சொன்னால் போதும். எஸ்.ஜி.கிட்டப்பாவின் கட்டையில் பாட வேண்டும் என்று எவரும் கேட்கப்போவதில்லை.

முழு நாடகத்திலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுப்பது குறைப்பாடு ஆகாது. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி.வி.வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனின் மயான காண்டத்தைத் தனி நாடகமாகவே நடித்து ஈழம் முழுவதும் புகழ்பெற்றார். பேராசிரியர் சு.வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' போன்றவற்றை மேடையேற்றியபோது, இரவு முழுதும் ஆடும் நாட்டுக்கூத்தை நவீன அரங்குக்குத் தக்கபடி சுருக்கினார். சுருக்கியதால் கூத்து அழியவில்லை. புதிய தலைமுறையிடம் போய்ச் சேர்ந்தது.

அண்டை வீட்டிலும் அயல்நாட்டிலும்

வாஷியில் நாம் அடிக்கடி கடந்துபோகும் நாட்டிய கிருகத்துக்கு விஷ்ணுதாஸ் பாவே பெயர் வைத்திருக்கிறார்கள். 1843இல் சாங்லியில் 'சீதா சுயம்வரம்' நாடகத்தை மேடையேற்றி, மராத்தி நாடகத்தின் தந்தை எனப்படுபவர். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் சகஜி மராத்தியில் நாடகங்கள் எழுதியிருக்கிறார் என்பது நமக்கும் அவர்களுக்கும் உள்ள பழைய உறவு.

வி.வா.சிர்வாட்கர் எழுதி 1970 டிசம்பரில் அரங்கேறிய 'நடசாம்ராட்' மேடையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நடிகரின் கதை. முதன்முதலில் அந்த வேடத்தை ஏற்ற ஸ்ரீராம் லாகூவுக்கு அப்போது 43 வயது. மகத்தான நாடகம்தான். ஆனால் நீண்ட தனிமொழிகளும் கொந்தளிப்புமாக உடலையும் குரலையும் பிழிந்தெடுக்கும் வேடம் அது. முதியவரைப் பற்றிய நாடகம் முதியவர் நடிக்க ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு. ஜெயவந்த் தள்வியின் 'சந்தியா சாயா' வேறு வகை. பிள்ளைகள் பிரிந்துபோன ஒரு முதிய தம்பதி, ஒரு வீடு, அமைதியான உரையாடல். நடிக்க இயலும். ஆனால் அதன் சோகத்தைத் தினந்தினம் ஒத்திகை பார்ப்பது நம் குழுவில் யாருக்கு நெருப்பாகச் சுடும் என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஜப்பானில் இயக்குநர் யுகியோ நினகாவா 2006இல் 55 வயதைக் கடந்தவர்களைச் சேர்த்து 'சைத்தாமா கோல்டு தியேட்டர்' குழுவை அமைத்தார். 2021 வரை அது இயங்கியது, வெளிநாடுகளுக்கும் போனது. ஜெர்மனியில் பினா பவுஷ், 1978இல் தம் தொழில்முறை நடனக் கலைஞர்களுக்காக உருவாக்கிய 'கான்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000இல் 65 வயதைத் தாண்டிய சாதாரண நகரவாசிகளைக் கொண்டு மீண்டும் நடத்தினார். ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புவதையும் விலகுவதையும் காட்டும் அதே படைப்பு, வயதானவர்கள் செய்தபோது புதுப்பொருள் பெற்றது. இரண்டிலும் முதியவர்களுக்கு அழும் வேலை மட்டும் தரப்படவில்லை.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

இவ்வளவு வரலாற்றிலிருந்தும் நான் எடுத்துக்கொண்ட அளவுகோல்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலில் ஆட்களைப் பாருங்கள், பிறகு நாடகத்தைத் தேடுங்கள். யாருக்கு முழங்கால் வலி, யாருக்குக் காது கேட்காது, யார் நன்றாகப் பாடுவார், யாரிடம் ஊர்க்கதை கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள், கூடுமானால் ஒரே இடத்தில் நடக்கும் கதையாக இருக்கட்டும். காட்சிக்குக் காட்சி விளக்கை அணைத்து இருட்டில் நடக்க வைக்கும் நாடகம் வேண்டவே வேண்டாம். விழுந்து புரள்வது, தரையில் உட்கார்ந்து எழுவது, அடிக்கொருதரம் காலில் விழுவது இவற்றை நீக்கிவிடுங்கள். மேடையில் நாற்காலியும் திண்ணையும் இருக்க வேண்டும். கிராமத்துத் திண்ணை, கல்யாண வீடு, ரயில் நிலையம், பஞ்சாயத்து ஆகியவை இதற்கு ஏற்ற களங்கள்.

கிரேசி மோகன் பாணி நகைச்சுவையில் ஒரு வார்த்தை தவறினால் அடுத்த நாலு சிரிப்பும் போய்விடும். மின்னல் வேகத்தில் வசனம் மாறும் அவற்றை ரசிப்போம், நடிப்பதை இளைஞர்களிடம் விடுவோம். நீண்ட வசனத்தை இருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். மறதி அதிகமுள்ளவருக்குக் கையில் தாள் இருக்கும் வேடம் கொடுங்கள். பஞ்சாங்கம் பார்க்கும் ஜோசியர், கடிதம் வாசிக்கும் தபால்காரர், கணக்குப்பிள்ளை எல்லாரும் பார்த்துத்தானே படிப்பார்கள்!

பேச்சு அவரவர் ஊர்ப் பேச்சாகவே இருக்கட்டும். நெல்லைக்காரரைத் தஞ்சாவூர்த் தமிழ் பேசச் சொல்லாதீர்கள். பாலக்காட்டு மாமியின் இழுப்பும், கோவைக்காரரின் "ங்க"வும், அரை நூற்றாண்டு பம்பாயில் வாழ்ந்து ஒட்டிக்கொண்ட இந்திச் சொற்களும் மேடைக்கு அழகுதான். பேரப்பிள்ளைகள் தமிழ் இத்தனை விதமாக ஒலிக்கும் என்று அங்கேதான் தெரிந்துகொள்வார்கள். கட்டியங்காரன் வேடத்தை ஒரு பேரனுக்கோ பேத்திக்கோ கொடுத்தால் இன்னும் நல்லது. பாட்டியின் வசனம் முழுவதையும் அந்தப் பிள்ளை கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடும். பாட்டி தடுமாறும் இடத்தில் அது எடுத்துக் கொடுக்கும்.

கடைசியாக, மரியாதை. கிழவர் என்றால் கேலிப்பொருள், கிழவி என்றால் ஒப்பாரி என்ற நாடகங்களைத் தள்ளிவையுங்கள். அவர்கள் திருடராக வரட்டும், போலீசாக வரட்டும், காதலராக வரட்டும், எமனாகவே வந்தாலும் சரி. சங்கரதாஸ் சுவாமிகள் ஒரு சிறுவனின் குரலைக் கேட்டு ராத்திரி முழுக்கக் கண்விழித்து எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்களுக்காக நாம் கண்விழிக்கக்கூட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களோடு உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வேஷம் போடணும்னு ஆசை?" என்று கேட்டால் போதும். நாடகத்தின் முதல் காட்சி அந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும்.